வழிவிட்ட வெள்ளமே வழிமறிக்கும்: பேரிடர்க் காலக் கொள்ளைப் படங்களின் கதைக்கட்டமைப்பு

பெருவெள்ளம் வரப்போகிறது என்ற எச்சரிக்கையைக் கேட்டு ஊரே மூட்டை முடிச்சுகளோடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. நான்கு பேர் மட்டும் எதிர்த்திசையில் ஊருக்குள் நுழைகிறார்கள். பேரிடர்க் காலத்தில் நடக்கும் கொள்ளையைச் சொல்லும் அதிரடிப் படங்களின் கரு பெரும்பாலும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடும். இதைப் பார்க்கும் எவருக்கும் இரண்டு கேள்விகள் ஒருசேர எழும்: இவர்கள் பணத்தை எடுத்துவிடுவார்களா? எடுத்தாலும் உயிரோடு திரும்புவார்களா? முதல் கேள்வி கொள்ளைக் கதைக்கு உரியது. இரண்டாவது பேரிடர்க் கதைக்கு உரியது. இவை தனித்தனிப் புரிகளாகவே கிடந்தால் படம் பாதியில் பிரிந்துபோகும். ஒரே கயிறாக முறுக்கப்பட்டால்தான் இறுதிவரை இழுத்துச் செல்லும். அந்த முறுக்கு எப்படி ஏறுகிறது என்பதை, திரைக்கதை பற்றி இதுவரை எதுவும் படித்திராதவரும் பின்தொடரும் வகையில் பார்க்கலாம்.

முதலில் கதைக்கும் கதைக்கட்டமைப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். என்னென்ன நடந்தது என்பது கதை. அதில் எது முன்னால் சொல்லப்படுகிறது, எது மறைத்துவைக்கப்படுகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி விளைகிறது என்னும் ஏற்பாடு கதைக்கட்டமைப்பு. ‘மழை பெய்தது, பிறகு கொள்ளை நடந்தது’ என்றால் அது நிகழ்ச்சிகளின் வரிசை, அவ்வளவே. ‘மழை பெய்ததால் காவலுக்கு ஆள் குறைந்தது, ஆள் குறைந்ததால் கொள்ளையர் துணிந்தனர்’ என்று சொல்லும்போது கட்டமைப்பு தொடங்கிவிடுகிறது. இலக்கணத்தில் ஏதுப்பொருளைத் தரும் மூன்றாம் வேற்றுமை உருபாகிய ‘ஆல்’தான் இங்கே அச்சாணி. ஒரு திரைக்கதையின் காட்சிகளை வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் முந்தையதோடு ‘ஆல்’ போட்டு இணைக்க முடிகிறதா என்று பார்த்தால், எங்கே கதை தொங்குகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று பகுதிகள் உண்டு என்பதை அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அமெரிக்கரான சிட் ஃபீல்டு, 1979இல் வெளியான தம் நூலில் இதையே திரைக்கதைக்குப் பொருத்திக் காட்டினார்: ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற கணக்கில், 120 பக்கத் திரைக்கதையில் முதல் 30 பக்கம் அறிமுகம், அடுத்த 60 பக்கம் மோதல், கடைசி 30 பக்கம் தீர்வு. தமிழில் இதைவிட நுணுக்கமான ஒரு பகுப்பு இருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் நாடகத்துக்கு உரிய ஐந்து சந்திகளை, அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத நிலத்தில் விதைத்த வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொள்வது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். மூன்று பகுதிப் பகுப்பு ஒரு படத்தை அளந்து காட்டும். இந்தப் பயிர் உவமையோ, முடிவில் அறுப்பது எதுவோ அது தொடக்கத்தில் விதைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பேரிடர்ப் படத்துக்கு இந்த இரண்டாவது செய்தியே மிகவும் வேண்டியது.

இனி ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆற்றங்கரையில் ஒரு நகரம். ஆற்றின் மேற்பகுதியில் ஓர் அணை. நகரத்து வங்கியின் பெட்டக அறை தரைக்குக் கீழே இருக்கிறது. அணையின் மதகுகள் நள்ளிரவில் திறக்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததும் மக்கள் வெளியேறுகிறார்கள். வங்கியில் மிஞ்சியிருப்பவர் வயதான இரவுக் காவலர் ஒருவர். அடுத்த முறைக்கு வரவேண்டியவர் வந்து சேராததால் அவர் கிளம்பவில்லை. கொள்ளையர் நால்வரில் ஒருத்தி அணையில் வேலை பார்த்தவள். திறந்துவிட்ட தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும் என்பதை அவளால் கணக்கிட்டுச் சொல்ல முடியும். அவர்களுடைய திட்டம் எளிமையானது: தண்ணீர் வருவதற்கு முன் உள்ளே போவது, தண்ணீர் வந்தபின் படகில் வெளியேறுவது. ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய கார்கள் பலவற்றை மிதக்கவைத்துவிடும். 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகள் அடித்துச் செல்லப்படும். ஆகவே காவல்துறையின் வண்டிகள் நின்றுபோகும் நேரத்தில் கொள்ளையரின் படகு கிளம்பும்.

இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வெள்ளம் இங்கே தற்செயலாகக் குறுக்கே வந்த இடையூறாக இல்லை. அதை நம்பியே கொள்ளையர் வந்திருக்கிறார்கள். வெள்ளத்தால் ஊர் காலியானது, வெள்ளத்தால் எச்சரிக்கை மணி அறுந்தது, வெள்ளத்தால் தெரு அவர்களுக்கு மட்டும் பாதையானது. ஒரு பேரிடர்க் கொள்ளைப் படத்தை மதிப்பிட நான் முதலில் போடும் சோதனை இதுதான்: பேரிடரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டாலும் கொள்ளை அப்படியே நடக்குமா? நடக்கும் என்றால், அந்த மழையும் புயலும் திரையில் எத்தனை கோடி செலவில் பொழிந்தாலும் வெறும் திரைச்சீலைதான். பணம் அந்த நாளில் அந்த இடத்தில் இருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். 2018இல் வந்த ‘தி ஹரிக்கேன் ஹெய்ஸ்ட்’ படத்தில், அழிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட 60 கோடி டாலர் பழைய நோட்டுகள் ஐந்தாம் வகைச் சூறாவளி நெருங்கும் வேளையில் அமெரிக்கக் கருவூலத்தின் ஒரு நிலையத்தில் இருக்கின்றன. படத்தின் தரம் பற்றிப் பலருக்குப் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் ‘ஏன் இங்கே, ஏன் இன்றைக்கு’ என்ற கேள்விக்கு அதில் ஒரு விடை இருக்கிறது.

கொள்ளைக் கதைகளில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. திட்டம் முழுவதும் பார்வையாளருக்கு முன்கூட்டியே விளக்கப்பட்டால், அந்தத் திட்டம் கெட்டுப்போகத்தான் போகிறது. திட்டம் வெற்றிபெறப் போகிறது என்றால், அதன் ஒரு பகுதியாவது நம்மிடமிருந்து மறைக்கப்படும். காரணம் எளிது: நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று தெரிந்தபடியே நடப்பதைப் பார்க்கப் பொறுமை இருக்காது. பேரிடர்க் கொள்ளைப் படம் பெரும்பாலும் முதல் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. வரைபடத்தை மேசைமேல் விரித்து, ‘இரண்டு மணிக்கு முழங்கால் அளவு, மூன்று மணிக்கு இடுப்பளவு’ என்று அணையில் வேலை பார்த்தவள் விரல் வைத்துக் காட்டும் காட்சியில், நமக்கு அளவுகோல் கொடுக்கப்படுகிறது. பிறகு இரண்டு மணிக்கே தண்ணீர் இடுப்பளவு நிற்பதைக் காட்டினால் போதும். யாரும் வாய்திறந்து விளக்க வேண்டியதில்லை. முகத்தில் முளைத்தது பிரதிமுகத்தில் இலைவிடுகிறது.

இப்போது படத்தின் நடுப்பகுதிக்கு, அதாவது கருப்பத்துக்கு வருவோம். கொள்ளையர் காவலரைப் பிடித்துக் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் விலங்கிட்டுவிட்டு, பெட்டக அறைக்குள் போய்விட்டார்கள். அறையின் கதவு படிக்கட்டுப் பக்கமாக, வெளிநோக்கித் திறக்கும் கதவு. உள்ளே அவர்கள் பைகளை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, எதிர்பார்த்ததைவிட முன்னதாக வந்த தண்ணீர் படிகளில் இறங்கிக் கதவுக்கு வெளியே சேர்கிறது. கதவின் அகலம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே கதவின்மீது ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். நால்வரும் தோள்கொடுத்துத் தள்ளுகிறார்கள், கதவு அசையவில்லை. வெளியே காவலரின் இடுப்பைத் தண்ணீர் தொட்டுவிட்டது. விலங்கின் சாவி உள்ளே, தலைவனின் சட்டைப்பையில் இருக்கிறது.

காவலருக்கு அந்தக் கட்டடம் தெரியும். கதவருகே குனிந்து சொல்கிறார்: “தம்பி, தள்ளாதீங்க. எத்தனை பேர் தள்ளினாலும் திறக்காது. கீழே காத்துத் துளை ஒண்ணு இருக்கும் பாருங்க, அந்த மூடியைக் கழட்டுங்க. தண்ணி உள்ளே வரட்டும்.”

உள்ளேயிருந்து தலைவன் கேட்கிறான்: “எங்களை மூழ்கடிக்கப் பார்க்கிறீங்களா, பெரியவரே?”

“உள்ளேயும் வெளியேயும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வந்தாத்தான் கதவு கைக்கு வரும். சாவி உங்ககிட்ட இருக்கு. எனக்கு மட்டும் இங்கே என்ன வழி?”

கதவின் இரு பக்கமும் நீர்மட்டம் சமமானால் அழுத்தம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் செய்திதான். ஆனால் இங்கே அது நான்கு வேலைகளை ஒருசேரச் செய்கிறது. பூட்டைத் திறந்து உள்ளே போனவர்களை, இப்போது பூட்டப்படாமலே அதே கதவு சிறைப்படுத்துகிறது. பிழைக்க வேண்டுமானால் எதைக் கண்டு அஞ்சுகிறார்களோ அதையே உள்ளே விட வேண்டும் என்ற தவிப்பு பிறக்கிறது. தரையில் கிடக்கும் பணப்பைகள் நனையும் என்பதால், பணமா உயிரா என்ற கேள்வியை யாரும் வசனமாகப் பேசாமலே காட்சி கேட்டுவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விலங்கிடப்பட்டவரும் விலங்கிட்டவனும் ஒருவரில்லாமல் ஒருவர் பிழைக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நிகழ்ந்திருப்பதைத்தான் அரிஸ்டாட்டில் தலைகீழ்த் திருப்பம் என்கிறார்: ஒரு பயனைக் கருதிச் செய்த செயல், நேர் எதிரான பயனைத் தருவது. பேரிடர்க் கொள்ளைப் படத்தின் முதுகெலும்பு இதுவே என்பது என் எண்ணம். எந்தத் தன்மையால் பேரிடர் கொள்ளையருக்கு உதவியதோ, அதே தன்மையால் அவர்களுக்கு எதிராகத் திரும்ப வேண்டும். கதவைத் தண்ணீர் அடைத்தது சரியான திருப்பம்; வெளியே போகும் வழியில் ஒரு மரம் விழுந்து படகு நொறுங்கியது என்றால் அது வெறும் விபத்து. இரண்டிலும் கொள்ளையர் மாட்டிக்கொள்கிறார்கள் என்றாலும், முதலாவதில் அவர்கள் நம்பி வந்த தண்ணீரே அவர்களைப் பிடிக்கிறது. படத்தின் நடுவில் இடைவேளை விடும் வழக்கம் இருந்தால், கதவு அசையவில்லை என்று தெரியும் கணத்தில் விளக்கைப் போடலாம்.

தற்செயல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பாத்திரங்களைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலைப் பார்வையாளர்கள் மன்னிப்பார்கள். சிக்கலிலிருந்து விடுவிக்கும் தற்செயலை மன்னிக்க மாட்டார்கள். காற்றுத் துளையைக் காவலர் அந்தக் கணத்தில்தான் முதன்முதலாகக் குறிப்பிடுகிறார் என்றால் அது விடுவிக்கும் தற்செயலாகிவிடும். ஆகவே படத்தின் முதல் பத்து நிமிடங்களுக்குள், அவர் தம் வழக்கமான சுற்றில் அந்த மூடியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவதை நாம் பார்த்திருக்க வேண்டும். அதே சுற்றில், படிக்கட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் மட்டத்தைக் குறிக்கும் சிவப்புக் கோடு ஒன்றும் நம் கண்ணில் பட வேண்டும். கோட்டைப் பற்றி யாரும் பேச வேண்டாம். அதில் அவர் குடையை மாட்டிவைக்க ஓர் ஆணி அடித்திருந்தால் போதும், நமக்கு மறக்காது.

யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பது அடுத்த கருவி. இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதற்குச் சொன்ன விளக்கம் புகழ்பெற்றது: மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் சில நொடி அதிர்ச்சி, தெரிந்திருந்து மேசையைச் சுற்றி இருப்பவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் பல நிமிடப் பதற்றம். நம் கதையில் மேசைக்கு அடியிலுள்ள குண்டு அணைதான். அணையின் இன்னும் இரண்டு மதகுகளைத் திறக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதை நமக்குக் காட்டிவிட்டு, அதை அறியாத நால்வரும் பைகளை எண்ணிக்கொண்டிருக்கும் காட்சிக்குத் திரும்பினால், நோட்டுக்கட்டுகளைக் கட்டும் ரப்பர்வளையத்தின் ஓசைகூட நம்மைப் பதறவைக்கும். இந்த வெட்டுக்காட்சி நீளமாக இருக்கத் தேவையில்லை. ஒரு கை, ஒரு விசை, நகரத் தொடங்கும் ஓர் இரும்புக் கதவு போதும்.

இதுவரை வெள்ளத்தை மட்டுமே பார்த்தோம். ஒவ்வொரு பேரிடருக்கும் தனிக் கடிகாரம் உண்டு என்பதால், எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அது கட்டமைப்பையே மாற்றிவிடும். வெள்ளத்தின் கடிகாரம் ஒரே திசையில் ஏறுவது. தரைத்தளம், முதல் தளம், கூரை என்று பாத்திரங்களை மேலே தள்ளிக்கொண்டே போகும். புயலின் கடிகாரத்துக்கு நடுவே ஓர் ஓய்வு இருக்கிறது. புயலின் கண் எனப்படும் அமைதியான பகுதி பொதுவாக 30 முதல் 65 கிலோமீட்டர் விட்டம் கொண்டது. 40 கிலோமீட்டர் விட்டமுள்ள கண், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நம் தலைக்கு நேர்மேலாகக் கடந்தால், இரண்டு மணி நேரம் காற்று அடங்கியிருக்கும். அதன்பின் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். இப்படி ஒரு வெட்டவெளி அமைதியைக் கதைக்கு நடுவே இயற்கையே தருவது எழுத்தாளருக்குப் பெரிய வாய்ப்பு: அடிதடி நின்று, இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ளும் காட்சியை அங்கே வைக்கலாம். நிலநடுக்கத்துக்கோ முன்னறிவிப்புக் கடிகாரமே கிடையாது. அது எந்த நாளில் எந்த நேரத்தில் வரும் என்று கணித்துச் சொல்ல இன்றுவரை வழியில்லை என்பதால், அதை நம்பி யாரும் கொள்ளைத் திட்டம் போட முடியாது. ஒன்று, கொள்ளை நடந்துகொண்டிருக்கும்போது அது குறுக்கிட வேண்டும், அல்லது அது வந்துபோன பிறகான குழப்பத்தில் கொள்ளை தொடங்க வேண்டும். முதல் வகையில் தலைகீழ்த் திருப்பத்துக்கு இடமே இல்லை என்பதால்தான் நிலநடுக்கக் கொள்ளைக் கதைகள் எழுதக் கடினமானவை என்று நினைக்கிறேன்.

தரப்புகள் மாறுவதும் இவ்வகைப் படங்களில் இயல்பாகவே நடக்கும். ஊர் காலியாகிவிட்டால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நல்லவர் என்று நாம் நம்பியவரின் கைக்கும் பணம் எட்டிவிடும். 1998இல் வெளியான ‘ஹார்ட் ரெயின்’ படத்தில், வெள்ளத்தில் சிக்கிய கவச வண்டியிலிருந்த 30 லட்சம் டாலரைப் பற்றித் தெரியவந்ததும், ஊரைக் காக்க வேண்டிய ஷெரீஃபே அதற்கு ஆசைப்பட்டுக் கொள்ளையரைவிட ஆபத்தானவராகிறார். அந்த நொடியிலிருந்து கொள்ளைக் கூட்டத் தலைவனைப் பார்க்கும் நம் பார்வையும் மாறிவிடுகிறது. ஆனால் இத்தகைய மாற்றத்துக்கும் விதை வேண்டும். காலையில் ஒழுங்காக இருந்தவர் இரவில் கெட்டுப்போனார் என்று காட்டினால் ஏமாற்று. காலையிலேயே அவருக்கு ஒரு கசப்பு இருந்தது என்று காட்டியிருந்தால் விளைச்சல்.

நம் கதையின் உச்சக்கட்டத்துக்கு, அதாவது விளைவுக்கு, இன்னொரு பொருளை முதலிலேயே விதைத்திருக்க வேண்டும்: தெருவின் குறுக்கே செல்லும் ஒரு நடைமேம்பாலம். ஊர் காலியாகும் தொடக்கக் காட்சியில் மக்கள் அதன்மேல் மூட்டைகளோடு நடந்துபோவதையும், நால்வரின் வண்டி அதன் அடியில் புகுந்து உள்ளே வருவதையும் நாம் பார்த்திருப்போம். படகும் அதன் அடியில் புகுந்துதான் ஆற்றுப் பக்கம் போக வேண்டும். அணையில் வேலை பார்த்தவளின் கணக்குப்படி பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு இடைவெளி இருக்கும். மதகுகள் கூடுதலாகத் திறக்கப்பட்டதால், படகு அங்கே வந்து சேரும்போது தண்ணீர் பாலத்தின் அடிப்பாகத்தை உரசிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் குறைவாக இருந்தால் படகு மிதக்காது, கூடினால் பாலத்தைக் கடக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது அளவான பேரிடர், வந்ததோ அளவற்றது. படகைப் பாலத்தில் கட்டிவிட்டு மேலே ஏறலாம். ஏறினால் பைகளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. இதற்குமேல் துப்பாக்கிச் சண்டை வேண்டுமா என்பது தயாரிப்பாளரின் விருப்பம். வேண்டும் என்றால், அது பாலத்தின் அடியில் படகு நசுங்கிக்கொண்டிருக்கும்போதே நடக்கட்டும். மொட்டைமாடியில் மழையில் நனைந்தபடி இருவர் நின்று வசனம் பேசும் சண்டைகள் போதும் போதும் என்றாகிவிட்டது.

துய்த்தல் என்னும் கடைசிப் பகுதி சில நிமிடங்களுக்குமேல் நீளக்கூடாது. இரண்டு கேள்விகளோடு தொடங்கினோம். இரண்டுக்கும் விடை சொல்லிவிட வேண்டும், இரண்டில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டுப் போகும் படங்கள் வியக்கத்தக்க அளவுக்கு உண்டு. யார் பிழைத்தார்கள் என்பதைக் காட்டிவிட்டுப் பணம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டால், வெளியே வரும் பார்வையாளர் அதைத்தான் முதலில் கேட்பார். இரண்டு விடைகளையும் ஒரே காட்சிக்குள் அடக்கவும் முடியும். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், கையில் விலங்கின் தழும்போடு காவலர் படிக்கட்டில் இறங்குகிறார். சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு முழ உயரத்துக்குச் சேற்றின் தடம் இருக்கிறது. கதவு திறந்தபடியே கிடக்கிறது. அறைக்குள் சேற்றில் ஒட்டிய நோட்டுகளை வங்கி ஊழியர் ஒருவர் ஒவ்வொன்றாக உரித்து எண்ணிக்கொண்டிருக்கிறார். காவலர் குடையை மாட்ட ஆணியைத் தேடுகிறார்.